கொடுத்தவரின் பெயர்

விழுப்புரம் மாவட்டத் தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவரம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கோயிலை எடுப்பித்த வேந்தனின் பட்டப்பெயரை வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அதே குடைவரையில் ஒரு தமிழ்ச் செய்யுளும் உண்டு. அதைச் சொன்னவர் இவ்வூர்ச் சிவதாசன் என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. ஒருவனிடம் நாடு இருந்தது, மலையைக் குடைந்தான். மற்றவரிடம் தமிழ் இருந்தது, செய்யுள் தந்தார். பாறை இருவர் பெயரையும் வைத்துக்கொண்டது.

கொடையைக் கல்லில் எழுதி வைப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய காரியம். இதே மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அதை நடத்த 45 வேலி நிலம். இளைய மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்பதுவரை கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. ஆனால் அது வேதமும் வியாகரணமும் படிக்க வந்தவர்களுக்கான ஏற்பாடு. அந்த நெல்லை விளைவித்தவரின் பிள்ளைக்கு அங்கே பாய் விரிக்கப்படவில்லை.

அந்தக் குறை தீரப் பல நூற்றாண்டுகள் ஆயின. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஊரார் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்களுக்குக் கிடைக்காத படிப்பை ஊர்ப் பிள்ளைகளுக்காக வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

அதற்கு அடுத்த படி, படித்தவர் திரும்பி வந்து கொடுப்பது. சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுக்குலா 2024இல் 228 கோடி ரூபாய் வழங்கினார். அவர் பெயர் ஒரு கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது. நியாயம்தான். ஆனால் புதுச்சேரியில் 1995இல் தொடங்கி, நாட்டுக்கே முன்மாதிரியான சமுதாயக் கல்லூரியையும், அதன் பிறகு வந்த பல கல்லூரிகளையும் எண்ணிப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களும், வேலைக்குப் போக அவசரப்படும் வீடுகளின் பிள்ளைகளும் தேடி வரும் இடங்கள் அவை. அங்கே படித்துவிட்டு ஆய்வகத்திலும் பட்டறையிலும் மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களிடம் கோடிகளை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் தருவது ஓர் ஏழை மாணவியின் பருவக் கட்டணமாக இருக்கலாம், நூலகத்துக்குப் பத்துப் புத்தகங்களாக இருக்கலாம்.

அந்தச் சிறிய தொகைக்கு ஒரு தனி வேலை உண்டு. பெரிய கல்லூரியில் சேர்ந்த மாணவனுக்குத் தன் கல்லூரியின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவனை உறவினரே கேட்கிறார்கள்: "இதெல்லாம் ஒரு காலேஜா?" அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு, கையில் ஒரு காசோலையோடு உள்ளே வரும் அக்காவோ அண்ணனோதான் அந்தக் கேள்விக்குப் பதில்.

நாம் அவர்களைக் கௌரவிக்கும் விதம் மட்டும் சரியில்லை. அமைச்சர் வரும்வரை காக்கவைத்து, ஒரு பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். இன்னொரு பக்கம், கோயில் குழல்விளக்கில் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தையே மறைப்பதுபோல, கொடையை விடப் பெரிய பலகை வைக்கிறோம். இரண்டிலும் மாணவர்கள் கைதட்டும் கூட்டம்தான்.

மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் அரசுப் பள்ளிக்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் கொடுத்தார். மறைந்த மகள் ஜனனியின் பெயர் நிலைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். 2024 குடியரசு நாளில் அரசு அவருக்கு விருது வழங்கியபோது, வங்கி ஊழியர் ஒருவரால் இவ்வளவு முடியும் என்று தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. பாராட்டின் பயன் அதுதான். கொடுத்தவரின் மனம் நிறைவது ஒரு பங்கு. பார்த்தவர் மனத்தில் 'நம்மாலும் முடியும்' என்று தோன்றுவது பெரும்பங்கு.

எனவே கல்லூரி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையில் தொகையை எழுதாதீர்கள். பெயர், படித்த பிரிவு, முடித்த ஆண்டு, இவை போதும். ஐந்நூறு ரூபாய் தந்தவரும் ஐந்து லட்சம் தந்தவரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். மேடைக்கு அழைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வகுப்பறைக்கு அழையுங்கள். முன்னாள் மாணவர்களே, வசதி வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களால் முடிந்ததை இந்த ஆண்டே கொடுங்கள். பெற்றுக்கொண்டவர் கொடுப்பவராக மாறும் நாளில்தான் ஒரு கல்லூரி தன் வேலையை முடிக்கிறது.