கள்ளாமை விரதமும் அவசர கால வண்டியும்

திரைப்படங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். குற்றவாளி ஓடுகிறான். காவல் அதிகாரி சாலையின் நடுவே பாய்ந்து, எதிரே வரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஓட்டி வந்தவரை இறக்கிவிட்டுத் தாம் ஏறி விரைகிறார். அரங்கம் கைதட்டுகிறது. இறக்கிவிடப்பட்டவர் எப்படி வீடு சேர்ந்தார், அவருடைய வண்டி அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்று எவரும் கேட்பதில்லை. கதைக்கு அவர் தேவையில்லை. அறத்தைப் பற்றிச் சிந்திப்போர்க்கோ அவரைக் கடந்து செல்ல வழியில்லை.

ஆபத்துக் காலத்தில் காவல்துறையோ அரசோ தனியாருடைய வண்டியை எடுத்துக்கொள்ளலாமா? எடுக்கலாம் எனில், கள்ளாமை என்னும் நம் அணுவிரதத்தோடு அது பொருந்துமா? அவ்வாறு கேட்கப்படும்போது சிராவக சிராவகியராகிய நம் கடமை யாது? வேனும் லாரியும் காரும் வைத்துப் பிழைப்போர் நிறைந்த கொங்கு நாட்டில் இவ்வினாக்கள் எந்த வீட்டு வாயிலையும் ஒருநாள் தட்டக்கூடியவை.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்போம். சட்டத்தின் அதிகாரம் இன்றி எவருடைய சொத்தையும் பறித்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 300-ஏ உறுப்பு வகுத்த நெறி. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமை என்னும் நிலையை இழந்தது. ஆயினும் சட்ட உரிமையாக நிலைத்து நிற்கிறது. ஆகவே வண்டியை எடுப்பவர் எவராயினும், எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறார் என்ற கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் ஆவார்.

அவ்விடை தெளிவாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று தேர்தல். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு, வாக்குப் பெட்டிகளையும் தேர்தல் அலுவலரையும் ஒழுங்கு காக்கும் காவலரையும் ஏற்றிச் செல்ல வண்டி, படகு, விலங்கு ஆகியவற்றைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. நடைமுறையில் மாவட்ட ஆட்சியர் வழியாக உத்தரவு வருகிறது. அதனை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. மற்றொன்று பேரிடர். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 65-ஆவது பிரிவில், மீட்புப் பணிக்கு வேண்டிய வண்டிகளை எடுக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கும், அதற்கு மேலுள்ள செயற்குழுக்களுக்கும், அவை அதிகாரம் அளித்த அலுவலர்க்கும் தருகிறது.

இவ்விரு சட்டங்களும் ஒரே வரம்புகளை வகுத்துள்ளன. உத்தரவு எழுத்தில் இருத்தல் வேண்டும். தேவை முடிந்த பின்னும் வண்டியை வைத்திருத்தல் கூடாது. அவ்வட்டாரத்தில் வழங்கும் வாடகையை ஒட்டி ஈட்டுத்தொகை அளித்தல் வேண்டும். அத்தொகை போதாது எனக் கருதும் உரிமையாளர், நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு விடுமாறு விண்ணப்பிக்கலாம்; பேரிடர்ச் சட்டத்தில் அதற்கு 30 நாள் கெடு உண்டு.

காவலர் தாமாகவே ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாமா? 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 31-ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவைப் பின்பற்றியது. குற்றவாளி தப்புவதைத் தடுக்கவும் பொது அமைதி குலைவதைத் தடுக்கவும் காவல் அதிகாரி நியாயமாகக் கேட்கும் உதவியைச் செய்யக் குடிமகன் கடமைப்பட்டவன் என்று அது கூறுகிறது. அது பேசுவது மனிதரின் உதவியைப் பற்றி. வண்டியைப் பறித்துக்கொள்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆவணமின்றி ஓடும் வண்டியைத் தடுத்து வைப்பதும், குற்றத்தில் தொடர்புடைய வண்டியைச் சாட்சியப் பொருளாகக் கைப்பற்றுவதும் வேறு. ஆகவே திரையில் நாம் கைதட்டிய காட்சிக்குப் பின்னே சீருடையின் கம்பீரம் உண்டே தவிர, தெளிவான சட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி நம் அறநெறிக்கு வருவோம். கொடுக்கப்படாத பொருளைக் கொள்வது களவு என்பது ஜினதர்மம். எடுப்பவன் ஏழையா செல்வனா, எடுத்தது துரும்பா பொன்னா என்று அது பார்ப்பதில்லை. அப்படியாயின் உரிமையாளர் மனமுவந்து தராத வண்டியை அரசு எடுப்பதும் களவாகாதா?

நாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இயற்றிய சட்டமாதலால் நாம் முன்னரே இசைந்துவிட்டோம் என்பர் சிலர். இவ்விடை முழுமையாகாது. ஊரார் நூறு பேர் கூடி இசைந்து ஒருவன் களத்து நெல்லை அள்ளிச் சென்றாலும் அது களவே. பலர் இசைந்தமையால் மட்டும் களவு அறமாகிவிடாது.

களவின் இயல்பை நோக்கினால் விடை புலப்படும். களவில் மூன்று கூறுகள் உண்டு: மறைவாக எடுத்தல், தனக்கென்று ஆக்கிக்கொள்ளுதல், திருப்பித் தராமை. எழுத்து மூலமான உத்தரவு மறைவை நீக்குகிறது. பொதுத்தேவை என்னும் வரம்பு தன்னலத்தை விலக்குகிறது. கால எல்லையும் ஈட்டுத்தொகையும் பொருளை உரியவரிடம் மீள்விக்கின்றன. இம்மூன்றும் அமைந்தால் அரசு எடுப்பது களவாகாது. ஒன்று குறைந்தாலும் களவின் சாயல் படிந்துவிடும். பேரிடர் என்று சொல்லி எடுத்த வண்டி அதிகாரி ஒருவரின் குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றால், அந்தப் பயணத்தின் அளவுக்கு அது களவேயாகும்.

உலக வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் காணலாம். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸ் நகரை நெருங்கியது. தளபதி காலியேனியின் ஆணைப்படி ஏறத்தாழ 600 வாடகைக் கார்கள் திரட்டப்பட்டு, மார்ன் போர்முனைக்கு வீரர்களைச் சுமந்து சென்றன. கார்களின் கட்டண மீட்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கணக்கை ஒட்டி அரசு பணம் கொடுத்தது. நாடே அழியுமோ என்று அஞ்சிய வேளையிலும் ஓட்டுநருக்குரிய கணக்கை மறக்கவில்லை என்பது நாம் போற்றத்தக்கது.

மற்றது துயரமானது. 1942-இல் ஜப்பானியர் வந்துவிடுவர் என்று அஞ்சிய ஆங்கில அரசு, வங்கக் கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அப்புறப்படுத்தியது. பல்லாயிரம் படகுகள் பறிபோயின. மீனவர் கடலுக்குச் செல்ல இயலவில்லை. உழவரால் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்கான காரணங்களுள் இதனையும் ஒன்றாக ஆய்வாளர் குறிப்பிடுவர். படகை இழந்தவர் தம் பிழைப்பையே இழந்தார். பிறர் பிழைப்புக்குரிய கருவியில் கை வைப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் கொங்கு நாட்டுக்கு மீள்வோம். 2024 ஏப்ரல் 19 அன்று கோவை உள்ளிட்ட தமிழகத் தொகுதிகள் அனைத்திலும் வாக்குப்பதிவு நடந்தது. ஏப்ரலில் தேர்தல் வந்தால் சித்திரை முகூர்த்தமும் உடன் வருகிறது. வங்கிக் கடனில் வாங்கிய ஒரே வேனை வைத்து, பனியன் தொழிலாளரை ஏற்றி இறக்கி, முகூர்த்த நாள்களில் நாலு காசு கூடுதலாகப் பார்ப்பவர்க்கு இரண்டு நாள் என்பது சிறிய இழப்பன்று. தவணை தேர்தலுக்காகக் காத்திராது.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குச் சென்ற நாம், இவ்வாறு எடுக்கப்பட்ட வேன்களில்தான் பெட்டிகளோடு வாக்குச் சாவடிக்குச் சென்றோம். பள்ளி வாயிலில் வேப்பமர நிழலில் இரண்டு நாள் காத்துக் கிடந்த ஓட்டுநர் ஒருவர், “டீச்சர், உங்களுக்குப் படிக்காசு கைக்கு வந்துருமுங்க, எங்க வண்டி வாடகை எப்ப வருமுங்களோ?” என்று வினவினார். நியாயமான வினா அது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களையும், அவற்றுக்கு ஊறு செய்யும் அதிசாரங்களையும் விளக்குவது. கள்ளாமைக்குரிய ஐந்து அதிசாரங்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கன. ஒன்று, நாட்டின் ஆட்சி நெறியை மீறி ஆதாயம் தேடுதல். மற்றொன்று, கொடுக்கும்போது குறைவாகவும் கொள்ளும்போது மிகுதியாகவும் அளத்தல். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓருண்மை விளங்கும். முறையான உத்தரவு வந்தபின் வண்டியை உறவினர் தோட்டத்தில் ஒளித்து வைப்பவரும், பழுது என்று பொய்ச் சான்று காட்டுபவரும், செல்வாக்கால் தம் வண்டியை விடுவித்துக்கொள்பவரும் முதல் அதிசாரத்துக்கு ஆளாவர். அவர் தவிர்த்த சுமை செல்வாக்கற்ற மற்றொருவர் தலையில் விழுகிறது. வண்டியை முழு நாள் ஓடவிட்டு வாடகையைக் குறைத்தும் தாமதித்தும் கொடுப்பவர் இரண்டாம் அதிசாரத்துக்கு ஆளாவர். அது கள்ளப் படியால் அளப்பது போன்றதே. வணிகர்க்கு ஓர் அறமும் அரசு அலுவலர்க்கு வேறோர் அறமும் இல்லை. கள்ளாமை இருபாலார்க்கும் உரியது.

வண்டியோடு ஓட்டுநரும் செல்கிறார் என்பதை மறத்தலாகாது. கூலியின்றி வாங்கும் உழைப்பை நம் கல்வெட்டுகள் வெட்டி என்று குறிக்கின்றன. அரசியலமைப்பின் 23-ஆவது உறுப்பு அத்தகைய கட்டாய உழைப்பைத் தடை செய்து, பொது நோக்கத்துக்கான கட்டாயப் பணியை மட்டும், சமயம், இனம், சாதி, வகுப்பு என்னும் வேற்றுமை பாராட்டாமல் அனுமதிக்கிறது. அப்பணியிலும் ஓட்டுநருக்கு உணவும் உறக்கமும் வேண்டும். தேர்தல் சட்டம் விலங்குகளையும் குறிப்பிடுவதால் அகிம்சை விரதத்தாராகிய நமக்குக் கூடுதல் கவலை உண்டு. சாலை வசதியற்ற தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் சென்றதைச் செய்தித்தாள்களில் கண்டோம். வாயில்லாத அந்த உயிர் நடுவரிடம் விண்ணப்பிக்க இயலாது. அதன் சுமையை அளந்து ஏற்றுவதும், தண்ணீர் காட்டுவதும் ஏற்றுவோரின் கடமை.

ஈண்டு ஒரு தடை எழும். வீடு பற்றி எரியும்போது எழுத்து மூலமான உத்தரவுக்குக் காத்திருக்க முடியுமா? 1998 பிப்ரவரி 14 அன்று கோவை மாநகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. 58 உயிர்கள் பறிபோயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 108 அவசர ஊர்திச் சேவை தமிழகத்துக்கு வந்தது 2008-இல்தான். அத்தகைய நாளில் குருதி வழியக் கிடப்பவரை ஏற்றிச் செல்லுமாறு காவலர் ஒருவர் கைகாட்டினால், உத்தரவு எங்கே என்று கேட்பது அறமாகுமா?

ஆகாது. அவ்வேளையில் காவலர் கேட்பது உதவி. நாம் அளிப்பது தானம். மனமுவந்து கொடுத்த பொருளில் களவுக்கு இடமில்லை. ஔஷத தானமும் அபய தானமும் நால்வகைத் தானங்களுள் அடங்குவன. உயிருக்குப் போராடுபவரை மருத்துவமனையில் சேர்க்கும் வண்டி அவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது. 2018 ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, ஆயிரக்கணக்கானோரைக் காத்தனர். படகே அவர்தம் உடைமை. அதனைத் தயங்காது கொண்டுவந்தனர். அரசு பின்னர் அவர்களுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தது. கொடுப்போர் முந்திக்கொண்டால் எடுப்போர்க்கு வேலையே இல்லை.

ஏற்றிச் சென்றால் வழக்கு, விசாரணை, நீதிமன்றம் என்று அலைய நேருமே என்னும் அச்சம் பலரைத் தடுக்கிறது. விபத்தில் சிக்கியவர்க்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர இயலாது என்னும் காப்பையும் அளிக்கிறது. இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் நலம்.

எனினும் தானத்துக்கும் எல்லை உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை சேரும் என்பதை நாம் அறிவோம். உயிர் காக்கக் கேட்டால் வண்டியை மறுக்கலாகாது. சட்டத்தின் துணையின்றி எவரையேனும் துன்புறுத்தக் கேட்டால், அதற்கு வண்டி தருவது அத்துன்பத்துக்கு உடன்படுவதாகும். கேட்பவர் அணிந்திருக்கும் உடையைக் காட்டிலும் கேட்கும் நோக்கத்தையே நாம் ஆராய்தல் வேண்டும்.

ஆகவே நம் இல்லங்களில் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். கையகப்படுத்தும் உத்தரவு வந்தால், அதனைப் பணிவோடு கேட்டுப் பெற்றுப் படித்துப் பார்க்கலாம், கேட்பது அவமதிப்பன்று. வண்டி செல்லும் நாளும் நேரமும், ஓடிய கிலோமீட்டரும், டீசல் அளவும் குறித்து வைத்து ஒப்புச்சீட்டுப் பெறலாம். உரிய வாடகையைக் கேட்கலாம், மிகையாகக் கேட்கலாகாது. வண்டியை ஒளிக்கலாகாது. ஓட்டுநர் நம்மிடம் ஊதியம் பெறுபவராயின், அரசின் பணம் வரும் வரை அவர் கூலியை நிறுத்தி வைக்கலாகாது. நம் இனத்தாருள் அரசுப் பணியிலும் காவல் பணியிலும் இருப்போர், தம் கையால் எடுக்கப்பட்ட ஒவ்வொரு வண்டியின் வாடகையும் உரியவரைச் சேர்ந்ததா என்று இறுதிவரை பார்த்தல் அவர்தம் கள்ளாமை விரதமாகும்.

விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தைத் தரிசித்து மீள்வோர், சேலம்–கோவை நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓயாது செல்லும் வண்டிகளைக் காண்பர். ஒவ்வொன்றும் ஒருவருடைய உடைமை. உடைமையை அளவிட்டுக்கொள்ளுதல் நம் ஐந்தாம் அணுவிரதம். அளவிடுதல் என்பது எண்ணிக்கையைக் குறைப்பதோடு முடிவதில்லை. இருப்பது ஒன்றாயினும் அதன்மேல் உள்ள பற்று எவ்வளவு என்று அளப்பதும் அதனுள் அடங்கும். சாலையோரத்தில் ஓருயிர் துடிக்கும்போது, இருக்கையில் குருதிக் கறை படியுமே என்று தயங்கும் மனம் இன்னும் அளவிடாத மனம். அத்தயக்கம் நீங்கியவரிடம் எவரும் வண்டியைப் பறிக்க வேண்டியிராது. அவரே கதவைத் திறந்துவிடுவார்.

அறம் வளர்க!