பாலத்துக்கு அந்தப் பக்கம்

கல்யாணில் துர்காடிக் கோட்டையை ஒட்டிய பாலத்தைத் தாண்டிப் போனால், விசைத்தறி ஓசை ஓயாத பிவண்டி. 1970இலும் 1984இலும் இந்து-முஸ்லிம் கலவரத்தில் எரிந்த ஊர் அது. இரண்டாம் முறை தீ கல்யாண், தாணே, மும்பை வரை பரவியது. ஆனால் 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் சுமார் 900 பேர் மாண்டபோது, பிவண்டி அமைதி காத்தது.

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஊராரின் மூளை கூர்மையாகிவிடவில்லை. 1988இல் போலீஸ் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, மொஹல்லா கமிட்டிகளை, அதாவது பேட்டைக் குழுக்களை, தொடங்கியிருந்தார். இரு சமயத்தாரும் அந்தப் பகுதிக் காவலரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பண்டிகை ஊர்வலம், அக்கம்பக்கத் தகராறு எல்லாமே அங்கே பேச்சுக்கு வந்தன.

புத்திசாலித்தனமும் விவேகமும் ஒன்றா? உளவியலாளர் இகோர் கிராஸ்மன் குழு இதை அமெரிக்கர்களிடம் சோதித்தது. தஜிகிஸ்தானில் குடியேறிய கிர்கிஸ் மக்களுக்கும் உள்ளூராருக்கும் பிணக்கு. இனி என்ன நடக்கும்? இப்படிப்பட்ட கதைகளைக் கொடுத்து, எதிர்த்தரப்பின் நியாயம் தெரிகிறதா, தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்கிறாரா, சமரசம் தேடுகிறாரா என்று மதிப்பெண் இட்டார்கள். 2013இல் வெளியான முடிவில், விவேகமாக யோசித்தவர்களுக்கு வாழ்க்கையில் மனநிறைவு அதிகம், உறவுகள் நல்லவை, ஆயுளும் கூடுதல். வசதி, சொல்வளம், ஆளுமைக் குணங்கள் சிலவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நின்றது. அறிவுத்திறனுக்கு அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

விவேகத்தால் நிம்மதி வந்ததா, நிம்மதியானவர்தான் விவேகமாக யோசிக்கிறாரா? அதை இந்த ஆய்வு தீர்க்கவில்லை. 2016இல் வந்த இன்னோர் ஆய்வு வேறு பக்கம் திருப்பியது. ஒரே மனிதரின் விவேகம் நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. தனியாக இருக்கும்போதைவிட நண்பர்களோடு இருக்கும்போது கூடுகிறது. அப்படியானால் அது பிறவிக் குணம் மட்டுமல்ல, உட்காரும் இடத்தையும் பொறுத்தது.

திருக்குறளின் அதிகார வரிசையும் யோசிக்க வைக்கிறது. 40ஆவது கல்வி, 43ஆவது அறிவுடைமை. அறிவுடைமைக்கு முந்திய படி கேள்வி. கல்லாதவரும் அங்கே பிறர் சொல்லக் கேட்டுத் தேறலாம்.

கலவரம் ஓய்ந்த பிறகு மும்பையிலும் மொஹல்லா கமிட்டிகள் வந்தன. தாராவியில் பாவு கோர்டேயும் வகார் கானும் நண்பர்களாகச் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். 2003இல் ‘நாத்தா’ என்ற ஆவணப்படம் அவர்களைப் பதிவுசெய்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முன்கூட்டியே விரித்திருந்த பாயை, மும்பை எரிந்த பிறகுதான் விரித்தது.