சஹனுக்குச் சொல்வது

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்குமான கரையில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது வெற்றிலை வட்டா. கதை அதற்குப் பிறகுதான். கடலுக்குப் போய்வந்தவர்கள் ஒலுவிலில் மணலில் குந்தியிருக்கும்போதும் அப்படியே. ஒருவன் மடியிலிருந்து பாக்கை எடுப்பான், இன்னொருவன் சுண்ணாம்பை நீட்டுவான், மூன்றாமவன் புகையிலையைக் கிள்ளித் தருவான். தனக்கு மட்டும் மடித்துப் போட்டுக்கொள்கிறவனைப் பற்றி நல்ல பேச்சு இராது.

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்று. புகையிலை சேராத வெறும் பாக்குக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் சங்கடப்படும். நட்பு கைமாறிய அதே தட்டில்தான் இதுவும் கைமாறியிருக்கிறது.

அப்படியொரு வட்டத்தில் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய மீன் வியாபாரி. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். தடவினால் கல்லைப் போலொரு கட்டி. சதையில் சிறிது வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவும் வந்தாயிற்று. மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியும். மாலையில் ஒன்றாகக் குந்துகிற கூட்டாளிமாருக்கு அவர் சொல்லத்தான் வேண்டுமா? மறைப்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் முதலில் படுகிறது. உடம்பு அவருடையது. இளைய மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். செய்தி பரவினால் கடன் கொடுத்தவர் அடுத்த நாளே வாசலில் நிற்பார். ஊரில் பாதிப் பேர் மருந்து சொல்ல வருவார்கள். மீதிப் பேர் நோயின் பெயரைச் சொல்லாமல் ‘அந்த வருத்தம்’ என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் குடித்த கோப்பையைத் தனியே கழுவி வைக்கும் வீடுகள் உண்டு. இவ்வளவையும் தாங்கு என்று ஒரு வருத்தக்காரரிடம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

இதைவிடக் கனமான காரணமொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தொடர்ச்சியாக ஒவ்வோர் ஊரும் தன் பிள்ளைகளை அடக்கியது. அந்த வியாபாரியின் கூட்டாளிமாரில் ஒருவர் அன்று இரண்டு பிள்ளைகளை இழந்தவராக இருக்கலாம். பட்ட மனிதனின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவானேன் என்று வாயை மூடிக்கொண்டால், அது கோழைத்தனமல்ல. இரக்கம்தான்.

ஆனால் அந்த இழப்புக்கும் இந்த நோய்க்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கடல் வந்த நாளில் யாரும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லார் முகத்திலும் அது எழுதியிருந்தது. நோய் ஆளாளாக வருகிறது. சொன்னாலொழியத் தெரியாது. பிள்ளைகளை இழந்தவனிடம் ஒரு துக்கத்தை மறைக்கிறபோது அவனுக்காக ஒரு முடிவை நாமே எடுத்துவிடுகிறோம், ‘உன்னால் இதைத் தாங்க முடியாது’ என்று. உண்மையில் இந்தக் கரையில் அவனைப்போலத் தாங்கத் தெரிந்தவன் வேறு யார்? இரக்கத்துக்குள்ளே ஒரு சிறு அவமதிப்பு ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒலுவில் துறைமுகத்தையே உவமையாக்கிவிட எந்த எழுத்துக்காரனுக்கும் கை துறுதுறுக்கும். துறைமுக அமைச்சராயிருந்த மர்ஹூம் அஷ்ரஃபின் கனவு. டென்மார்க்கின் நிதியுதவியில் எழும்பி 2013இல் திறக்கப்பட்டது. பிறகு வாய்க்குள் மணல் சேர்ந்து படகுகள் தடுமாறின. வடக்குப் பக்கத்தில் கடல் கரையைத் தின்று தென்னைகளைச் சாய்த்தது. வாயில் அடைப்பு, பக்கத்தில் அரிப்பு: கட்டிக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. ஆனாலும் அதை விட்டுவிடுவதே நேர்மை. துறைமுகத்தில் மணல் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்பு மறித்தது. கட்டியவர்களிடம் கணக்குக் கேட்கலாம். உடம்பில் வந்த கட்டியை இப்படிப் படமாக்கினால் நோயாளியும் ஏதோ பிழையாகக் கட்டப்பட்டவர் போலாகிவிடுவார். புற்றுநோயை உருவகமாக்கும் பழக்கம் நோயாளிக்கு வெட்கத்தைத்தான் கொடுக்கிறது என்று சூசன் சொன்டாக் 1978இல் ஒரு புத்தகமே எழுதினார், தாமே மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பிறகு. அவர் இரத்தப் புற்றுநோயால் இறந்தது 2004 டிசம்பர் 28இல், இந்தக் கரையில் ஜனாஸாக்களை இன்னும் தேடிக்கொண்டிருந்த நாளில்.

வெட்கம் குறைந்தால் வாய் திறக்கும். திறந்து காட்டிய ஒருவரின் கதை ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் வயிற்றைத் தடவிப்பார்த்த ஜோன் ஹன்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கல்லீரலில் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது என்றார். ஆண்டு 1776. ஹியூம் அதை மறைக்கவில்லை. ஜூலை 4இல் எடின்பரோவில் கூட்டாளிமாரை அழைத்து விடைபெறும் விருந்து வைத்தார். நீங்கள் தேறிவருவதாக உங்கள் நண்பரிடம் சொல்கிறேன் என்ற மருத்துவரிடம், பொய் சொல்ல விரும்பமாட்டீர்களே, நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் மனநிறைவோடு என்று சொல்லுங்கள் என்ற பொருளில் பதில் கொடுத்தாராம். ஆகஸ்ட் 25இல் காலமானார். மறுமையை நம்பாத ஒருவரை இந்தக் கரைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டுவருவது சிலருக்கு உறுத்தும். உறுத்தட்டும், நட்பைப் பற்றிய பாடத்தை யாரிடமிருந்தும் கற்கலாம்.

ஹியூமைவிட இங்கே கவனிக்கவேண்டியவர் அவருடைய கூட்டாளி அடம் ஸ்மித். நீண்ட பேச்சு ஹியூமைக் களைப்படையச் செய்தது. அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்மித் எடின்பரோவை விட்டுத் தம் தாய் இருந்த கடற்கரை ஊரான கேர்க்கோல்டிக்குத் திரும்பினார், கூப்பிட்டால் வருவேன் என்ற உடன்பாட்டோடு. கடைசி மூச்சு நின்றபோது அவர் பக்கத்தில் இல்லை. அது நட்பில் குறையா? விலகி நில் என்று கேட்டபோது விலகி நிற்பது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுவதைவிடக் கடினமான ஊழியம். இன்னொன்றில் ஸ்மித் தவறினார் என்று சொல்ல இடமுண்டு. சமயத்தை விசாரிக்கும் தன் நூலொன்றைத் தன் காலத்துக்குப் பின் வெளியிட வேண்டுமென்று ஹியூம் விரும்பினார்; ஸ்மித் அதற்குத் தயங்கினார். அது 1779இல் ஹியூமின் அண்ணன் மகன் கையால்தான் வெளிவந்தது. சாகிறவர் கேட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் செய்யக் கூட்டாளி கடமைப்பட்டவரல்ல என்றே தோன்றுகிறது. ஆனால் தயங்கிய அதே ஸ்மித், ஹியூம் எவ்வளவு அமைதியாகப் போனார் என்று ஒரு கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தார். அதற்காகத் தம் பொருளியல் கருத்துகளுக்கு வாங்கியதைவிடப் பல மடங்கு வசை வாங்கினார்.

ஒலுவிலுக்குத் திரும்புவோம். எல்லாரிடமும் சொல் என்பதும் யாரிடமும் சொல்லாதே என்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். இரண்டுமே ஊரையும் கூட்டாளியையும் ஒன்றாகக் கணக்கிடுகின்றன. வித்தியாசத்தை அளக்க இங்கே ஒரு பாத்திரம் இருக்கிறது: சஹன். விருந்தில் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள். வாயில் கட்டி உள்ளவருக்கு முதலில் பறிபோவது இதுதான். காரம் எரிக்கும், இறைச்சி மெல்ல முடியாது, கதிர்ச் சிகிச்சை தொடங்கிவிட்டால் எச்சிலே வற்றிவிடும். ஒவ்வொரு கலியாணத்திலும் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துபோகும் மனிதரைப் பற்றி மற்ற ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள்? பெருமை பிடித்துவிட்டது, கோபம், கடன்காரன் என்று ஒளிகிறான். மௌனம் காலியாக இருப்பதில்லை. யாராவது அதை நிரப்புவார்கள். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. சஹனுக்குச் சொல்லவேண்டும்.

சொன்ன பிறகு வேறொரு சிக்கல் தொடங்குகிறது. வருத்தம் பார்க்கப் போவதும் ஜனாஸாவைப் பின்தொடர்வதும் ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செலுத்தவேண்டிய கடமைகள். அந்தக் கடமை எவ்வளவு பெரியது என்பது 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் அரசின் உத்தரவால் எரிக்கப்பட்டபோது தெரிந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைக்கும்வரை இந்தக் கரை அந்த வலியைச் சுமந்தது. ஆனாலும் வருத்தம் பார்ப்பது சில வீடுகளில் கூட்டமாகிவிடுகிறது. குறைவாக இரு, குறைவாகக் கேள் என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற தம் நூலில் முறை வகுத்திருக்கிறார். அதைப் படித்தவர்களே முற்றத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்து, தங்கள் மாமாவுக்கும் இதே வருத்தம் வந்து எப்படி மௌத்தானார் என்று விவரிப்பதைக் காணலாம்.

அதைவிட நுட்பமான துன்பம், கொடுக்க முடியாமற்போவது. இந்த ஊர்களில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகாது. ஒன்றுமில்லாவிட்டால் நாலு வாழைப்பழமாவது வைப்பார்கள். நோயாளிக்குக் கஞ்சி வருகிறது, காசு வருகிறது, மட்டக்களப்புக்கோ 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போக ஆள்துணை வருகிறது. கதிர்ச் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாளென்று ஆறேழு வாரம் நீளும். தங்குமிடமும் யாரோ பார்த்துக் கொடுத்ததாகவே இருக்கும். எல்லாம் வருகிறது, எதுவும் திரும்பிப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் கொடுத்து வாங்கிய மனிதர் திடீரென்று வாங்க மட்டுமே உரியவராகிறார். தொண்டையில் சோறு இறங்காததைவிட இது இறங்காது.

ஆகவே, வருத்தக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்வதும் கூட்டாளியின் கடமைதான். முஸ்லிம் வீடுகளில் வருத்தம் பார்த்துவிட்டு எழும்பும்போது ‘எங்களுக்காகவும் துஆச் செய்யுங்க’ என்று கேட்கும் வழக்கம் உண்டு. வாய்ப்பழக்கமாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. படுத்திருப்பவர் இன்னும் கொடுக்க வல்லவர் என்று அது அவருக்கே நினைவூட்டுகிறது. துஆவோடு நிற்கவேண்டியதில்லை. மகனோடு நடக்கும் சண்டையைச் சொல்லி யோசனை கேட்கலாம். படகு இயந்திரத்தை விற்கலாமா வைத்திருக்கலாமா என்று கேட்கலாம். ‘உனக்கே ஆயிரம் பாடு, என் பாட்டை எதுக்குச் சொல்லணும்’ என்று ஒதுங்குகிறவர், வியாபாரி முன்பு செய்த அதே பிழையை இப்போது மறுபக்கத்திலிருந்து செய்கிறார். புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை முன்னின்று 2016இல் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க மக்களிடம் 20 கோடி ரூபாய் திரட்டினார். இழந்தவரிடம் கொடுக்க ஒன்றும் மீதமில்லை என்று நினைப்பவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

மீன் வியாபாரியிடம் கொடுக்க இன்னொன்றும் இருக்கிறது, சஹனின் மற்ற ஐந்து பேருக்கும் வேறு யாரும் கொடுக்க முடியாதது. அவரோடு முப்பது வருஷம் ஒரே பாக்கை மென்றவர்கள் அவர்கள். அவர்கள் கன்னத்துக்குள்ளும் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ படர்ந்திருக்கலாம். கிழமைக்கணக்கில் ஆறாத புண் இருக்கலாம். மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்குமளவுக்கு வாய் திறக்காமலும் இருக்கலாம். சுகாதார உத்தியோகத்தர் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த வெற்றிலையைத் தடவுவார்கள். இவர் சொன்னால் கேட்பார்கள். வட்டாவை நீட்டிய பழியை யார் யார்மேல் போடுவது என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. எல்லாரும் நீட்டினார்கள், எல்லாரும் எடுத்தார்கள். அவர் வாய் திறந்தால் அவர்களும் வாயைத் திறந்து காட்டவேண்டிவரும்.

மஃரிபுக்கு முன், வெளிச்சவீட்டுப் பக்கம், மணலில் ஆறு பேர். அவர் சொல்லி முடித்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, கொப்பளித்து, போன் டோர்ச்சைப் போட்டு அவர் கையில் கொடுக்கிறார்.

‘பாரு மச்சான்,’ என்று வாயைத் திறக்கிறார்.