விடைபெறும் விருந்தும் அடியார்களின் உரிமையும்



வளைகுடா நாடுகளில் பத்து, இருபது ஆண்டுகள் பாடுபட்டு, "இனி ஊரோடு இருப்போம்" என்று முடிவு செய்யும் நம் சகோதரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறைவாசிகளையும் உடன் வேலை செய்தோரையும் கூட்டி, அந்நாட்டுச் சாப்பாட்டையே ஆக்கி உண்டு விடைபெறுகிறார்கள். குவைத்திலும் பஹ்ரைனிலும் அது மஜ்பூஸ், சஊதியில் கப்ஸா. இறைச்சியும் அரிசியும் மசாலாவோடும் காய்ந்த எலுமிச்சையோடும் வெந்து, ஒரே தாம்பாளத்தில் வந்து இறங்கும். ஐந்தாறு பேர் சுற்றியமர்ந்து அவரவர் முன்னால் உள்ளதை உண்பார்கள். காயல்பட்டணத்திலும் கீழக்கரையிலும் சஹனில் கூடி உண்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று.

இது வீண் செலவல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். பெருமைக்காகச் செய்தால் வீண் செலவுதான். நன்றிக்காகச் செய்தால் நற்செயல். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ரிஜ்க் கிடைத்த மண்ணின் உணவை அம்மண்ணில் அமர்ந்து பகிர்ந்துண்பது, "உங்கள் உப்பை உண்டேன், மறக்க மாட்டேன்" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது. சேர்ந்து உண்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

தாம்பாளத்தைச் சுற்றியிருக்கும்போது, "தெரிந்தும் தெரியாமலும் ஏதும் செய்திருந்தால் எல்லோரும் மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லப்படுகிறது. கையில் கவளம் இருக்கும்போது யார்தான் மறுப்பார்? கைமாற்றாகக் கொடுத்த நூறு ரியாலைக் கேட்க நினைத்தவனும் வாயை மூடிக்கொள்கிறான். வெட்கத்தால் வாய் மூடியவனிடம் பெற்றது மனமொப்பிப் பெற்றதாகாது என்பது ஆலிம்கள் எடுத்துச் சொல்லும் விதி.

நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். கொல்லத் துணிந்த அவ்வூராரின் பொருள்களே அவர்களிடம் அமானத்தாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பகைவனின் அமானத்தே இவ்வளவு கனமானது என்றால், ஒரே அறையில் படுத்துறங்கிய தோழனின் உரிமை எத்தகையது!

பிறருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் உதவாத நாள் வருமுன் இம்மையிலேயே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தீனாரும் திர்ஹமும் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அன்று தொழுகையும் நோன்பும் சுமந்து வந்தும், பிறர் உரிமைக்கு அவற்றையே கொடுத்துத் தீர்த்து வறியவனாக நிற்பவனைப் பற்றியும் ஹதீஸில் வந்திருக்கிறது.

ஆகவே முதலில் கணக்கு, பிறகு விருந்து. பக்காலாக் கடையின் பற்று, அறைவாசியிடம் வாங்கிய கைமாற்று, சீட்டுப் பணம், இரவல் பொருள் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே, ஒவ்வொருவரையும் தனியே கண்டு தீருங்கள். மனம் புண்படப் பேசியிருந்தால் தனிமையிலேயே மன்னிப்புக் கேளுங்கள். அழைக்கும்போது கழிவறை கழுவும் தொழிலாளியையும், சமையற்காரரையும், மாற்று மதத் தோழரையும் விட்டுவிடாதீர்கள். வசதியுள்ளோரை அழைத்து ஏழையை ஒதுக்கும் விருந்தை நபிமொழி கெட்ட உணவு என்கிறது.

இச்சட்டம் முதலாளிக்கும் பொருந்தும். மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, போகும்போது கப்ஸா தாம்பாளம் வைப்பவர் கூலியைக் கொடுத்தவராக மாட்டார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது.

விடைபெற வாய்ப்பே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தபின், நம் நாட்டவர் லட்சத்துக்கும் அதிகமானோர் ஊர் திரும்பினர்; பலர் உடுத்த துணியோடு வந்தனர். 2020இல் கொரோனாக் காலத்தில் வேலையிழந்து வந்தவர்கள் கைகுலுக்கக்கூட முடியாமல் விமானம் ஏறினர். விருந்து தவறியதற்காக இவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆனால் கடன் அங்கேயே நின்றுவிடாது. உரியவரைத் தேடிக் கொடுக்க வேண்டும். அவர் மறைந்திருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், வந்தால் கொடுப்பேன் என்ற நிய்யத்தோடு அவர் பேரில் தர்மம் செய்ய வேண்டும்.

பயணம் புறப்படுவோரை வழியனுப்ப நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவில், அவருடைய மார்க்கத்தையும் அமானத்தையும் இறுதிச் செயல்களையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறோம். அமானத்தை நிறைவேற்றியவருக்கே அந்த துஆ முழுமையாகப் பொருந்தும். அவர் உண்ணும் கடைசிக் கவளத்தில்தான் பரக்கத் இருக்கும்.

அடியார்களின் உரிமை எதுவும் கழுத்தில் தொங்காத நிலையில் நம்மை வீடு சேர்ப்பானாக! ஆமீன்.