கருவி செய்தவன் கடமை

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றேறுவோர் அங்குள்ள பழைய பீரங்கிகளைக் காணாமல் திரும்புவதில்லை. 1784இல் டச்சுக்காரர் அக்குன்றைப் பிடித்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். அப்பீரங்கிகளின் அருகே நிற்கையில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஆயுதம் எய்தவன் செயலுக்கு அதைச் செய்தவனும் பொறுப்பாளியா?

அதே காலத்தில் மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் செய்வித்த போர் வாணத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வாணங்களின் கூடு அட்டையால் ஆனது. மைசூர்க் கொல்லரோ இரும்பால் குழாய் செய்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் நெடுந்தூரம் பாய்ந்தது. திசை காக்க ஒரு மூங்கிற் கழி. அதைப் பிணைக்கத் தோல் வார். குறி தவறுவதுண்டு, அக்குறையை எண்ணிக்கையால் ஈடுசெய்தனர். பீரங்கியை இழுக்க மாடுகள் வேண்டும். வாணத்தை ஓர் ஆளே சுமப்பான். கைக்கெட்டிய பொருளைக் கொண்டு, காரியத்துக்குப் போதுமான அளவில், பலரும் கையாளும்படி செய்வதே அவர்தம் முறை. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை தோற்றபோது இவ்வாணங்களும் அங்கே பாய்ந்தன.

ஆனால், எளிதாய்ச் செய்த கருவி எவர் கைக்கும் எளிதே. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றைப் பின்பற்றிப் புதியன செய்தார். 1807இல் அவை கோப்பன்ஹேகன் நகர்மீது பொழிந்தன, நகர் எரிந்தது, குடிமக்கள் பலர் மாண்டனர்.

தன் நாட்டைக் காக்கச் செய்த மைசூர்க் கொல்லனா இதற்குப் பொறுப்பு? அவன் கனவிலும் கருதாத ஒன்றுக்கு அவனைப் பழித்தல் நீதியன்று. ஆயின், வரும் தீங்கை முன்னமே அறிந்தவன் அப்படித் தப்ப முடியாது.

"நாம் விற்பது வாணமா?" என்று கேட்கலாம். தோட்டத்தாருக்குப் பாராங் விற்கிறோம், களைக்கொல்லியும் விற்கிறோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டது. ஏனைய களைக்கொல்லிகளும் நஞ்சே. அதைப் பெயரொட்டாத சிறு புட்டியில் ஊற்றித் தருவது வாங்குவோனுக்குச் சௌகரியம், நமக்கும் நாலு காசு. அவன் வீட்டுக் குழந்தை அதைப் பானமென்றெண்ணிக் குடித்தால்? கொல்லன் கோப்பன்ஹேகனைக் கண்டதில்லை. நாமோ அக்குழந்தையைக் கடைவாசலில் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே அப்புட்டியை நிரப்பாதிருப்போம். நாலு காசு போகட்டும்.