வலை பாவமா, தூண்டில் வீரமா?

மீன் பிடிப்பவன் இழிந்தவன் என்றது பழைய சாத்திரம். மீன் பிடித்து மகிழ்பவர் வீரர் என்கிறது புதிய விளம்பரம். கடல் ஒன்றுதான், துடித்துச் சாகும் மீனும் ஒன்றுதான். பிடிக்கும் கை மாறியதும் பாவம் வீரமாகிவிடுகிறது! இந்த விந்தை எப்படி நேர்ந்தது? உயிரைக் கொல்வதில் எது தகும், எது தகாது? அதை அளக்கும் கோல் எது? எதையும் அறிவால் அளந்து பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இவற்றைக் கேட்காமல் இருக்க முடியாது.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு நாள் விடியற்பொழுதில் நின்று பாருங்கள். இரவெல்லாம் அலையோடு போராடிய படகுகள் கரை சேருகின்றன. சூரையும் பாரையும் சங்கராவும் மத்தியும் கூடை கூடையாக இறங்குகின்றன. ஏலக் குரல் எழுகிறது. பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊரை நோக்கி நடக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கிற்று; பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் குடியிருப்பே இல்லாமற் போயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே கரையைத் தாக்கிற்று. அதற்குப் பிறகும் அதே மக்கள் அதே கடலுக்குள் சென்றார்கள். வீரத்தைக் காட்டவா? அல்ல, வீட்டில் உலை ஏற்ற!

இதே வங்கக் கடலின் மறுபுறத்தில், அந்தமான் தீவுகளில், வேறொரு காட்சி. விடுமுறையைக் கழிக்க வந்த செல்வர், படகொன்றை வாடகைக்கு அமர்த்தி ஆழ்கடலுக்குச் செல்கிறார். கையில் விலையுயர்ந்த தூண்டிற்கோல். நூலின் நுனியில் மினுக்கும் பொய்யிரை. பாரையோ மயில்மீனோ கடிக்கிறது. அது ஓட, இவர் நூலை விடுகிறார். அது களைக்க, இவர் இழுக்கிறார். எவ்வளவுக்கு அது போராடுகிறதோ அவ்வளவுக்கு இவருக்கு இன்பம்! கடைசியில் மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு புகைப்படம். பிறகு அது விருந்துக்குப் போகலாம், அல்லது கடலுக்கே திரும்பலாம்.

இந்தப் பொழுதுபோக்கு நேற்று முளைத்ததன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1898-இல் கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினா தீவில் சூரை வேட்டைக்காரர்களின் சங்கம் தோன்றிற்று. 1939-இல் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. மீனின் எடை இவ்வளவு, பிடித்த வீரர் இன்னார் என்று பதிவேடு வைத்தார்கள். தேவனாம்பட்டினத்துக் கிழவர் ஒருவர் தம் வாழ்நாளில் பிடித்த பெருமீன்கள் எந்தப் பதிவேட்டில் உள்ளன?

பதிவேட்டில் இடம் இல்லாதவனுக்குச் சாத்திரத்தில் இடம் இருந்தது! தான் தாழ்த்தி ஒதுக்கிய நிஷாதருக்கு மீன் கொல்லும் தொழிலை விதித்தது மனுநூலின் பத்தாம் அத்தியாயம். தொழிலையும் விதித்து, தொழிலுக்காகத் தாழ்த்தவும் செய்த நீதி அது. அதன் எச்சம் இன்றும் தீரவில்லை. பக்கத்தில் அமர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, மீன் வாடை என்று மூக்கைப் பொத்தும் பிள்ளையை நாம் வகுப்பறையில் காண்கிறோம். அந்தப் பிள்ளை வீட்டில் மீன் குழம்பு கொதிக்காமலா இருக்கிறது?

புராணம் என்ன சொல்லிற்று? சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் பெரியபுராணத்தில் ஒரு மீனவர் இருக்கிறார், நாகப்பட்டினத்து அதிபத்தர். நாள்தோறும் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கமாம். வறுமை வந்து, நாளுக்கு ஒரே ஒரு மீன் கிடைத்தபோதும் அதையே விட்டாராம். சுற்றம் பசியால் வாடியதாம். பொன்மீன் வந்தபோது அதையும் விட்டாராம், முத்தி கிடைத்ததாம். பட்டினி கிடப்பவன் மீனைக் கடலில் விட்டால் அது பக்தி. பொழுது போகாதவர் மீனைக் கடலில் விட்டால் அது கருணை. விட முடியாமல், விற்று அரிசி வாங்குகிறவன் மட்டும் பாவி! இந்த வழக்கைத்தான் அறிவு மன்றத்தில் மறுவிசாரணைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

கொலை எல்லாம் கொலைதானே, வள்ளுவர் கொல்லாமை கூறவில்லையா என்று சிலர் கேட்கலாம். கூறினார். ஆனால் எங்கே கூறினார்? புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் உள்ளன. மனைவி மக்களைக் காக்கும் கடமை பூண்டவனுக்கான இல்லறவியலில் அவை இல்லை. இந்த வரிசையைக் கவனியாமல், வலைஞன் தலையில் மட்டும் கொல்லாமையைச் சுமத்துவது வள்ளுவருக்கும் நியாயம் செய்வதன்று.

அப்படியானால் அளவுகோல் எது? தேவை. உயிரொன்றுக்குத் துன்பம் செய்யும் கை, எதற்காக என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கடலூர் மீனவர் சொல்கிறார்: பசி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், கடல் உயிரியல் ஆய்வு மையம் நடத்துகிறது. அங்கே மீனை அறுத்துப் பார்க்கும் மாணவர் சொல்கிறார்: அறிவு. தூண்டில் வேட்டைக்காரர் என்ன சொல்வார்? இன்பம் என்பார். யாருடைய இன்பம், யாருடைய துன்பத்தின் மேல் என்று நாம் மறுபடியும் கேட்போம்.

மீனுக்கு வலிக்காது என்பார்கள். 2003-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள், டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அவை நெடுநேரம் இரை தின்னவில்லை; அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மீன் உணர்வது நம் வலி போன்றதுதானா என்ற விவாதம் அறிஞரிடையே இன்னும் முடியவில்லை என்பதும் உண்மையே. ஐயம் இருக்கட்டும். ஐயத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும்? ஒரு பொழுதுபோக்கை மட்டும் இழக்கக் கூடியவருக்கா, உயிரையே இழக்கக் கூடியதற்கா?

கொல்லவில்லையே, விட்டுவிடுகிறோமே என்பார்கள். இதுதான் மிக நயமான வாதம். ஆராய்ந்தால் மிக நலிந்த வாதமும் இதுவே. ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனுக்குக் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்குவதுண்டு. விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. பிழைப்பதாகவே கொள்வோம். தின்பதற்காகப் பிடிப்பவனுக்கு மீனின் துடிப்பு வேண்டாத செலவு. அது விரைவில் முடிந்தால் அவனுக்கும் நல்லது. விடுவதற்காகப் பிடிப்பவருக்கோ அந்தத் துடிப்பே வரவு! அதனால்தான் ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரைக் கொல்வதைக் குற்றம் என்கிறது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், மனிதன் நீங்கலான எல்லா உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. உணவுக்காகக் கொல்வதற்கு விலக்களிக்கும்போதும், வேண்டாத வேதனை கூடாது என்கிறது.

மீனவருக்குக் கூலி கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கட்டும், படகோட்டியின் கூலியை நாம் பழிக்கவில்லை. ஆனால் படகோட்டியின் வறுமை, பயணியின் விளையாட்டுக்குச் சான்றிதழ் ஆகாது. வேட்டைக்குப் பறையடித்து விலங்கை விரட்டியவனுக்கும் ஜமீன்தார் கூலி கொடுத்தார்!

எர்னஸ்ட் ஹெமிங்வே தாமே ஆழ்கடல் தூண்டில் வேட்டையில் திளைத்தவர். ஆனால் 1952-இல் வெளியான கிழவனும் கடலும் என்ற கதையை எழுத அமர்ந்தபோது, தம்மைப் போன்ற ஒரு செல்வரை அவர் நாயகனாக்கவில்லை. 84 நாள் ஒரு மீனும் அகப்படாத ஓர் ஏழைக் கியூபக் கிழவனைத் தேடிப் போனார். ஏன்? கடலோடு மனிதன் செய்யும் போருக்குப் பெருமை தருவது தேவை. அதை நீக்கிவிட்டால், எஞ்சுவது வலிந்து வம்புக்கிழுத்த சண்டைதான்.

தோழர்களே, அளவுகோலைக் கையில் எடுத்தோம். அது நம்மவரையும் அளக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. அந்த இழப்பை மீனவக் குடும்பம் சுமக்கிறது. அது போற்றத்தக்கது. ஆனால் குஞ்சும் குருமானும் மிஞ்சாமல் வாரும் சுருக்குமடி வலையைப் பற்றி இதே கடலூர்க் கரையில் மீனவர்க்குள்ளேயே பிணக்கு எழுந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. தேவைக்கு எடுப்பது உரிமை. நாளைய வலைஞனுக்கு உரியதையும் இன்றே வாருவது பேராசை. செல்வரின் தூண்டிலைக் கேட்ட அதே கேள்வியை நம் வலையிடமும் கேட்காவிட்டால், நாம் பேசியது நியாயமாகாது, பொறாமை ஆகிவிடும்.

ஆகவே, நம் இளைஞர் செய்யத்தக்கவை இரண்டு. உழைத்துச் சேர்த்த காசில் விடுமுறைக்குக் கடல் காணச் செல்லுங்கள். படகேறுங்கள், நீந்துங்கள், மயில்மீன் துள்ளுவதைக் கண்டு களியுங்கள். தூண்டிலை மட்டும் கரையில் வையுங்கள். மற்றொன்று, மீன்காரப் பெண்மணி கூடையோடு பேருந்தில் ஏறும்போது, முகம் சுளிப்பவர் நடுவே நகர்ந்து இடம் கொடுங்கள். அவர் கூடையில் இருப்பது பாவம் அல்ல, ஒரு குடும்பத்தின் சோறு.