மாத்திரை வடிவில் ஒரு தாயத்து

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறவரைப் பார்த்து நாம் வருத்தப்படுகிறோம். நாம் என்ன செய்கிறோம்? தெருமுனை மெடிக்கலில் போய் நின்று, "சளி, காய்ச்சல். ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்கிறோம். காகித உறையில் நாலு நிறத்தில் நாலு மாத்திரை வருகிறது. எது எதற்கு என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது. "அந்தக் கடை மாத்திரை நல்லா கேட்குது" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிறோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்; ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை. அந்த உறையில் ஆன்டிபயாட்டிக் இருந்திருந்தால், சளி விட்டதற்கும் அதற்கும் உள்ள உறவு கயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவே.

கயிறு கட்டிக்கொண்டவர் கையோடு போகும். மாத்திரை அப்படிப் போகாது. அதற்குச் சாகாத கிருமிகள் உடம்பில் தங்கிப் பெருகி, ஊருக்குள் இறங்குகின்றன. அளவு குறைத்துத் தின்றால் கிருமிக்கு மருந்து பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-லேயே தம் நோபல் உரையில் எச்சரித்தார். நாம் இன்றும் "ரெண்டு வேளைக்கு மட்டும் போதும்" என்று வாங்குகிறோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாகி, 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நாளை பிரசவ வார்டில் காய்ச்சலோடு கிடக்கும் தாய்க்கு அதே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்; அப்போது அது கேட்காமல் போகலாம். பிறகு எப்படி "என் உடம்பு, என் காசு" என்று பேசுவது?

1985-ல் உலக சுகாதார நிறுவனம் நைரோபியில் கூட்டிய மாநாடு, மருந்தைப் பகுத்தறிவோடு பயன்படுத்துவது எதுவென்று வரையறுத்தது: நோய்க்கு ஏற்ற மருந்து, ஆளுக்கு ஏற்ற அளவு, தேவையான நாட்கள், நோயாளிக்கும் சமூகத்துக்கும் ஆகக் குறைந்த செலவு. இவை நாலும் நாம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள். சாமியையே கேள்வி கேட்கலாம் என்று கற்ற மண்ணில், ஒரு மாத்திரையைக் கேட்க ஏன் நாக்கு எழவில்லை?

டாக்டர் ஃபீஸுக்குக் கூலிக்காரர் எங்கே போவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அவருடைய காசு, அவருக்கு வேண்டாத மருந்துக்குப் போகக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

மருந்தைச் சரியாகப் பயன்படுத்த மக்களுக்குத் துணை நிற்பதே மருந்தாளுநரின் பணி என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பும் 2011-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டி, "டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்" என்பார். நாம் முகம் சுளித்து அடுத்த கடைக்கு நடக்கிறோம். அங்கே கேட்டது கிடைக்கிறது. இப்படியே நாலு பேர் நடந்தால் அந்த நேர்மையான மனிதர் எத்தனை நாள் கடை நடத்துவார்? அடுத்த முறை அவர் மறுத்தால் அங்கேயே நின்று, ஏன் என்று கேளுங்கள்.